கடதாசிக் குடும்பம்

கண்மணி ராஜாவை ‘அண்ணை’ என்று கூப்பிட்டுப் பதினொரு நாட்களாகிவிட்டன. வீட்டில் வேறு யாருக்கும் இது உறைக்கவில்லை, பவளத்துக்கு உறைத்தது. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் “அண்ணை, அதை இஞ்சாலை தாங்கோ” என்று கை நீட்டுகிற பெண், இப்போது எழுந்து மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் போய்த் தானே எடுத்துக்கொண்டு வருகிறாள். அவன் குளியலறைக்குள் இருந்து நேரம் கடத்தினால் கதவைத் தட்டுகிறாளே தவிர வாய் திறப்பதில்லை. அவனும் லேசுப்பட்டவனா? முன்பெல்லாம் ‘தங்கச்சி, தங்கச்சி’ என்று தொண்டை வறள வறளக் கத்துகிறவன், இப்போது சுவரைப் பார்த்து, “பஸ்சுக்கு நேரமாகுது” என்கிறான். சுவரா பஸ்சுக்குப் போகப்போகிறது?

பதினொரு நாளும் பவளம் அதை எண்ணிக்கொண்டு இருந்தாள், ஆனால் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

உள்ளதைச் சொன்னால் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் ஒன்றுமில்லை. பவளம் கைதடியில் பிறந்தவள், முப்பத்தொரு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை குட்டி இல்லாதவள். அவளுடைய புருஷன் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிற சிதம்பரம், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ‘எல்லா றெயினும் நேரத்துக்கு வரவேண்டியிருந்தது, எனக்குக் கலியாணம் கட்ட நேரம் கிடைக்கேல்லை’ என்று தன் பிரமச்சரியத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தார். மகன் என்று எழுதியிருக்கிற மகேந்திரராஜா, வீட்டில் ராஜா, பரந்தனில் டிராக்டர் திருத்தியவன். அவனைப் பெற்ற இராசலிங்கம் அங்கே உயிரோடுதான் இருந்தார். மகள் கண்மணி சாவகச்சேரியில் தட்டெழுத்துப் படிப்பித்தவள். தாய் இல்லாத பெண். ஊரில் பெண் பிள்ளையை வைத்திருக்கப் பயந்துபோய்த் தகப்பன் விமானம் ஏற்றிவிட்டார்.

நான்கு பேரையும் ஒன்றாகக் கட்டியது கொழும்பில் இருந்த ஏஜென்ட். “தனி ஆக்களை அவங்கள் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்கள், குடும்பத்தை அனுப்பமாட்டாங்கள்” என்று அவன் சொன்னான். நான்கு பேரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வது? நான்கு கடவுச்சீட்டிலும் சிதம்பரத்தின் பெயர் குடும்பப் பெயராக ஏறியது. பவளத்தின் நெற்றியில் பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு ஒரு குங்குமப் பொட்டு ஏறியது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவள் அழுததை அந்த ஏஜென்ட் பயம் என்று நினைத்துக்கொண்டு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான்.

புறப்படுவதற்கு முன் மருதானையில் ஒரு லொட்ஜ் அறையில் ஐந்து நாட்கள் அடைந்து கிடந்தார்கள். அங்கேதான் சிதம்பரம் யாரென்று தெரியவந்தது. மனிதர் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் ஓர் ஆங்கிலப் படத்தையும் விடாமல் பார்த்தவர். அதுவும் சண்டைப் படமல்ல, ஒரு வீடு, ஒரு மேசை, சுற்றிவர ஏழெட்டுப் பேர் என்று ஓடுகிற குடும்பப் படங்கள். அந்த அறிவை எல்லாம் இந்த மூன்று பேர் தலையில் இறக்கிவைத்தார்.

“இப்பிடி ஒருத்தரை ஒருத்தர் மரியாதையாப் பாத்துக்கொண்டு இருந்தா முதல் சந்தியிலையே பிடிபடுவம்” என்றார் சிதம்பரம். “குடும்பமெண்டா ஆரும் ஆரையும் பாக்கமாட்டினம். தகப்பன் கதைக்கேக்கை மகன் கொட்டாவி விடவேணும். தம்பி, கொட்டாவி விடும் பாப்பம்.”

ராஜா கொட்டாவி விட்டான். அது அசல் கொட்டாவி. அவன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. கண்மணிக்குத் தகப்பனின் கைப்பையை வாங்காமல் அலட்சியமாக நடக்கப் பழக்கினார். பவளத்திடம் மட்டும் தயங்கித் தயங்கி, “நீங்கள்… நீர் என்னைக் கொஞ்சம் ஏசவேணும். ஏசாத மனிசி உலகத்திலை இல்லை” என்றார். பவளத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் “இஞ்சருங்கோ, உந்த ஷேர்ட்டை மாத்துங்கோ, ஊத்தை” என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. வீட்டுக்குள்ளும் உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும், பழக்கம் தவறினால் வெளியில் வாய் தடுக்கும் என்பது சிதம்பரத்தின் கடைசிக் கட்டளை.

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் கிழக்கு ஜெர்மன் சிப்பாய் நான்கு கடவுச்சீட்டையும் விரித்து வைத்து முகம் பார்த்தபோது, பவளம் ‘இஞ்சருங்கோ, அந்தப் பையை நிலத்திலை வையாதேங்கோ’ என்று சிதம்பரத்தைத் தன்பாட்டில் ஏசிக்கொண்டிருந்தாள். சிப்பாய் பாவம், வீட்டு ஞாபகம் வந்ததோ என்னவோ, முத்திரை குத்தி விட்டுவிட்டான். அங்கிருந்து மேற்கு பெர்லினுக்கு ரயில், பிறகு முகாம், பிறகு விசாரணை. நான்கு பேரும் நான்கு அறைகளில் ஒரே பொய்யைச் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியில் ஹாம் நகரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஊரில், பூட்டிக் கிடந்த சப்பாத்துக் கடைக்கு மேலே இரண்டறை வீடு கொடுத்தார்கள். தனி ஆட்கள் எல்லாம் ஊர்க்கோடியில் உள்ள ஹைம் எனப்பட்ட அகதி விடுதியில் அறைக்கு ஆறு பேராய்ப் படுக்க, இவர்களுக்குக் குடும்பம் என்பதால் தனிவீடு.

ஓர் அறையில் பெண்கள், மற்ற அறையில் ஆண்கள். தேவாலயத்தில் இருந்து உதவிக்கு வரும் ஹொஃப்மைஸ்டர் அம்மையார் இதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “நான் குறட்டை விடுவன்” என்று சிதம்பரம் கண்மணியைக் கொண்டு மொழிபெயர்த்துச் சொல்லவைத்தார். அம்மையாருக்கு அது நன்றாகவே விளங்கியது.

இப்படிப் பதினேழு மாதங்கள். பவளம் தன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை வெளியில் சொல்ல அவளுக்கு வெட்கம். ஊர் எரிகிறது, கொழும்பில் இருக்கும் அக்காளின் மகனுக்குப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை, நாளைக்கு என்னாகுமென்று தெரியாது. ஆனாலும் காலையில் எழுந்து நான்கு கோப்பையை எடுத்து வைக்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும். ராஜா சோற்றில் குற்றம் சொன்னால் சண்டை பிடிப்பாள். கண்மணிக்குத் தலை பின்னிவிடுவாள். ‘அம்மா’ என்று யாராவது கூப்பிட்டால், இரண்டாம் முறை கூப்பிடட்டும் என்று வேண்டுமென்றே பேசாமல் இருப்பாள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஹொஃப்மைஸ்டர் அம்மையார் கொண்டுவந்து தந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போனது. அமெரிக்கப் படம். ஆனால் அமெரிக்கர்கள் எல்லாரும் சுத்தமான ஜெர்மன் கதைத்தார்கள். சிதம்பரத்துக்கு ஜெர்மன் பத்துச் சொல் தெரியும், அதில் ஆறு உருளைக்கிழங்கு சம்பந்தப்பட்டது. ஆனால் முதல் காட்சியில் மேசையைக் கண்டதுமே மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“குடும்பப் படம்! எல்லாரும் வாங்கோ. கண்மணி, நீர் சொல்லும்.”

கண்மணி தேவாலய வகுப்பில் ஜெர்மன் படித்தவள். நிலத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாகச் சொல்லத் தொடங்கினாள். ராஜா ஜன்னல் ஓரம் நின்றான். பவளம் மடியில் அவரைக்காயை வைத்துக்கொண்டு நார் உரித்தாள்.

மரம் அரிந்து விற்கும் கடை வைத்திருக்கும் ஒரு தகப்பன். இரண்டு பிள்ளைகள் ஆண், கடைசி பெண். தகப்பனின் கலியாணமாகாத தமக்கை ஒருத்தி, பிள்ளைகளுக்கு மாமி, சமையலறையும் தானுமாய். தாய்க்காரி பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவள். நாற்காலியை விட்டு எழும்புவதில்லை. சாப்பாடெல்லாம் தட்டத்தில் வைத்து அவளிடம் போகிறது. பாலம் கட்டுகிற ஒருவன் மகளைக் கேட்கிறான், தூரத்துப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறான். அவ்வளவுதான் கதை.

“கதையிலை ஒண்டுமில்லை” என்றார் சிதம்பரம், அதை ஒரு பெருமையாகச் சொன்னார். “நாலு வரியிலை சொல்லி முடிச்சிடலாம். ஆனா ஆக்களைப் பாருங்கோ. ஒருத்தர் கதைக்கேக்கை மற்ற அஞ்சு பேரும் என்னமாய்க் கேக்கினம்! ஒருத்தரும் ஒருத்தரை மறைக்கேல்லை. கதைக்கிறதை விடக் கேக்கிறதுதான் பெரிய நடிப்பு. அந்த மாமிக்காரியைப் பாருங்கோ, இவ்வளவு நேரத்துக்கு ரெண்டு வசனம் பேசியிருப்பாவே? படத்தைத் தூக்கி நிறுத்திறது அவதான்.”

உண்மைதான். அந்த மூத்த மகன் பாணில் வெண்ணெய் பூசுகிற விதத்திலேயே அவனுக்குத் தகப்பனில் என்ன கோபம் என்று தெரிந்தது. தகப்பன் கோபப்படும்போது இளையவன் கரண்டியைத் திருப்பி வைத்தான். பவளத்துக்கு மொழி தேவைப்படவில்லை. இவர்கள் நடிகர்கள், படம் முடிந்தால் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் என்பது அவளுக்கு இடைக்கிடைதான் ஞாபகம் வந்தது. நாங்கள் மட்டும் என்னவாம் என்றும் ஒரு தரம் நினைத்தாள்.

படத்தில் எல்லாரும் வீட்டை விட்டு வெளியே போய்விட்ட நேரம். மகள் ரயில் நிலையத்துக்கு, அவனை வழியனுப்ப. ரயில் கூவுகிறது. நாற்காலியில் இருந்த தாய்க்காரி சட்டென்று எழும்பினாள். எழும்பி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியேறி மேல் ஜன்னலுக்கு ஓடினாள்! கால் எப்போதோ சுகமாகிவிட்டது. மகள் அவனோடு ஏறிப்போகிறாளா, திரும்பி வருகிறாளா என்று பார்க்க ஓடுகிறாள். கீழே சமையலறை வாசலில் மாமிக்காரி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் போடவில்லை. கையில் இருந்த துணியை இரண்டாய் மடித்தாள், அவ்வளவுதான்.

மகள் திரும்பி வந்தாள். ஏதோ சொன்னாள்.

“‘நான் போகேல்லை’ எண்டு சொல்லுறா” என்றாள் கண்மணி. “‘அம்மாவை விட்டிட்டு நான் என்னெண்டு…’”

வசனத்தைப் பாதியில் விட்டாள். “பால் பொங்குது” என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜன்னல் ஓரம் நின்ற ராஜா தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

மிச்சப் படத்தை யாரும் மொழிபெயர்க்கவில்லை. படத்து வீட்டில் அன்றிரவு மாமிக்காரி தட்டத்தில் சாப்பாடு அனுப்பவில்லை. தாயின் கோப்பையை எல்லாருடைய கோப்பையோடும் மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். தாய் கோப்பையைப் பார்த்தாள், மாமிக்காரியைப் பார்த்தாள். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழும்பி நடந்து வந்தாள். ஒருவரும் ஐயோ என்று கத்தவில்லை, ஏன் ஏமாற்றினாய் என்று கேட்கவில்லை. இளையவன் கதிரையை இழுத்துவிட்டான். தகப்பன் பாண் கூடையை அவள் பக்கம் தள்ளினார்.

“அந்த மனிசி சரியான கள்ளி” என்றாள் பவளம்.

சிதம்பரம் திரையை விட்டு அவளைப் பார்த்தார். “கள்ளிதான். ஆனாப் பாவம்” என்றார்.

பவளம் அவரைக்காயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கண்மணி வெறும் சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இனிக் கேட்காமல் இருக்க முடியாது.

“எத்தினை நாளாப் பிள்ளை?”

“என்னது அம்மா?”

“என்னோடை விளையாடாதை. நீ அவனை அண்ணையெண்டு கூப்பிட்டு எத்தினை நாள்?”

கண்மணி அடுப்பை அணைத்தாள். “ஏலாது அம்மா. வாய் வருகுதில்லை” என்றாள். அதோடு எல்லாம் வந்துவிட்டது. மொழி வகுப்புக்குப் போய்வருகிற பாதையில் தொடங்கியது. அவன் பனியில் தன் தொப்பியைக் கழற்றி இவளுக்குத் தந்தது. ஒரு நாள் தெருவில் நடந்துபோகும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியது. பவளத்துக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலமும் அண்ணை என்று கூப்பிட்டவனையா என்று வாய் வரை வந்தது. அப்படிக் கூப்பிடச் சொன்னது யார் என்று யோசித்ததும் அது தொண்டைக்குள் திரும்பிப் போனது.

“நாங்கள் கதைச்சு முடிவெடுத்திட்டம்” என்றாள் கண்மணி. “ஒண்டும் செய்யிறேல்லை எண்டு. கடதாசியிலை அண்ணன் தங்கச்சி. இஞ்சத்தைச் சட்டத்துக்கு அது குற்றம். தாலி கட்டினாலும் நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தா ஆஸ்பத்திரியிலை தகப்பன் ஆரெண்டு கேப்பினம். உண்மையைச் சொன்னா நாலு பேற்றை அகதி விண்ணப்பமும் போகும். இந்த வீடும் போகும். உங்களை ஒரு இடத்துக்கும் அப்பாவை ஒரு இடத்துக்கும் அனுப்பிப்போடுவாங்கள். அதுக்கு நாங்கள் இப்பிடியே இருந்திடுவம்.”

நல்ல தாயாக இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பாள். பவளம் என்ன சொன்னாள் தெரியுமா? “அப்ப சரி. சோத்துக்கு அரிசியைப் போடு” என்றாள். சொல்லிவிட்டு அவரைக்காயை அரிந்தாள். நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. நான்கு கோப்பையும் மேசையில் இருக்கும், வீடு இருக்கும், அம்மா என்று கூப்பிட ஆள் இருக்கும்.

அந்த நிம்மதி ஒரு கிழமை இருந்தது. அதற்குப் பிறகு அதுவும் போய்விட்டது. இரண்டு பேரும் சொன்ன சொல் தவறாத பிள்ளைகள். கண்மணி திரும்பவும் ‘அண்ணை’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அந்தச் சொல்லை அவள் மருந்து விழுங்குவது போல விழுங்கி விழுங்கிச் சொன்னாள். ராஜா ஒவ்வொரு தரமும் “என்ன தங்கச்சி” என்று மரியாதையாகக் கேட்டான். சோற்றில் குற்றம் சொல்வதை விட்டுவிட்டான். குற்றம் சொல்லாத மகனைப் பவளத்தால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். ஹைமில் இருக்கிறவர்களில் மூத்தவர். எல்லாரும் அண்ணை என்பார்கள். கையில் வாழைப்பழமும் பிஸ்கட் பெட்டியும். கழுத்தில் டை வேறு. தன் தம்பி உமாபதிக்குக் கண்மணியைப் பெண் கேட்டு வந்திருந்தார். இதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. வயது வந்த பெண், தாய் தகப்பன் இருக்கிற குடும்பம், முறையாக வாசல் வழியாக வந்து கேட்கிறார். குடும்பம் என்று ஊருக்குச் சொன்னால் குடும்பத்துக்கு வருகிறதெல்லாம் வரத்தானே செய்யும்! ஏஜென்ட் இதை மட்டும் சொல்லித் தரவில்லை.

சிதம்பரம் கதிரையில் இருந்தார். லொட்ஜ் அறையில் ஆளுக்காள் வசனம் சொல்லிக் கொடுத்த மனிதருக்குத் தன் வசனம் மறந்துவிட்டது. கண்மணி அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜா தேநீர்த் தட்டத்தோடு வந்தான்.

“தாய் தகப்பன் இருந்தாலும் தமையன்ரை விருப்பம்தான் முக்கியம்” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. “தம்பி, நீர் சொல்லும். தங்கச்சியை எங்களுக்குத் தருவீரோ?”

தட்டத்தில் கோப்பைகள் கிணுகிணுத்தன. ராஜா அதைப் பார்த்துக்கொண்டு, “அவவுக்கு விருப்பமெண்டா… எனக்கென்ன அண்ணை” என்றான்.

ஒருவரும் பேசவில்லை. ஆனால் நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பவளத்துக்கு அந்த நாற்காலிக்காரியின் ஞாபகம் வந்தது. இவ்வளவு நாளும் தான் படியேறத் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்ததும் தெரிந்தது. எழும்பினாள்.

“குறை நினைக்காதேங்கோ அண்ணை. பிள்ளைக்கு மாப்பிள்ளை இருக்கு.”

“அப்பிடியே! சந்தோசம். ஆர் ஆள்?”

“உந்தா, உங்களுக்குத் தேத்தண்ணி தந்துகொண்டு நிக்கிறார்.”

ஸ்ரீஸ்கந்தராஜா கோப்பையை வாயருகே பிடித்தபடி உறைந்துபோனார். “சிவ சிவா” என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் “சிவ சிவா” என்றார். சிதம்பரம்தான் மருதானை லொட்ஜில் இருந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். கேட்டு முடித்து மனிதர் கொஞ்ச நேரம் பிஸ்கட் பெட்டியையே பார்த்தார்.

“உண்மையைச் சொன்னா,” என்றார், “உமாபதியும் என்ரை தம்பி இல்லை.”

முதலில் சிரித்தது ராஜா. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள்! பவளமும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் போனதும் கண்மணி வந்து அவளைக் கட்டிப்பிடித்து, “ஏன் அம்மா சொன்னனீங்கள்? இனி எங்களைப் பிரிச்சுப்போடுவாங்களே” என்று அழுதாள்.

“பிரிக்கட்டும்” என்றாள் பவளம். அப்படிச் சொல்லத் தனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. “நான் உங்களை வைச்சிருந்து பாக்கிறதுக்குத்தான் ஆசைப்பட்டன். இப்பிடி வைச்சிருந்து பாக்கேலாது.”

ஹொஃப்மைஸ்டர் அம்மையார் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் எடுத்துத் தந்தார். அன்று காலை பவளம் கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றிப் பொட்டில் விரலை வைத்தாள். இன்றைக்குப் போய்த் தான் விதவை என்று சொல்லப்போகிறாள். அழிக்கத்தானே வேண்டும்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விரலை எடுத்தாள். பத்திரத்தில் அவர்கள் எதை வேண்டுமானாலும் எழுதட்டும், நெற்றி அந்த அலுவலகத்துக்குச் சொந்தமில்லை.

ஒருவர் பின் ஒருவராய்க் கூப்பிட்டார்கள். முதலில் சிதம்பரம், பிறகு ராஜா, பிறகு கண்மணி. ஒவ்வொருவரும் வெளியே வந்து பக்கத்து அறையில் இருந்தார்கள், பேச விடவில்லை. பவளம் கடைசி. உள்ளே தடித்த கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மாள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் வாசுதேவன், போஹும் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற மதராஸ்காரர், மெலிந்த முகம்.

“உக்காருங்க ஆன்ட்டி. ரிலாக்ஸ்டா சொல்லுங்க” என்றார் வாசுதேவன்.

பவளம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் இவருடைய மனைவி இல்லை, இவர்களைப் பெற்றவள் இல்லை, நான் தனி ஆள். வாசுதேவன் ஜெர்மனில் சொல்லச் சொல்ல, பதினேழு மாதத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுப்பது போல இருந்தது. கடைசியில், “இந்தப் பொய் என்ரை யோசனை. மற்றவைக்கு இதிலை பங்கில்லை எண்டு சொல்லுங்கோ தம்பி” என்றாள்.

“அது தன்னோட ஐடியான்னு சிதம்பரம் சார் ஏற்கெனவே சொல்லிட்டாரே ஆன்ட்டி.”

“அவர் பொய் சொல்லுறார்.”

“இத ட்ரான்ஸ்லேட் பண்ணட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் பவளம் அவசரமாக.

அதிகாரி அம்மாள் நீளமாக எழுதினாள். பிறகு சொன்னாள். வாக்குமூலம் மேலிடத்துக்குப் போகும், அவர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்று இப்போது சொல்ல முடியாது. அந்த வீடு குடும்பத்துக்கென்று கொடுத்தது, வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யவேண்டும். இளையவர்கள் இருவரும் கலியாணத்துக்கு மனுப் போடலாம். ஊரிலிருந்து சரியான பத்திரங்கள் வரும்வரை ஆளுக்கொரு இடம். சிதம்பரம் ஆண்களின் ஹைமுக்கு. பவளம் ஒரு மணி நேர ரயில் பயணத்தில் உள்ள பெண்கள் விடுதிக்கு. அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தந்த ஊர் எல்லையைத் தாண்டி வரக்கூடாது.

கண்மணி சொன்னது போலவேதான். பவளம் தலையாட்டினாள். அதிகாரி அம்மாள் விடுதிக்கான படிவத்தை எடுத்து ஒவ்வொரு வரியாக நிரப்பினாள். ஒரு வரியில் நின்றாள்.

“உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குத் தெரிவிக்கணும்னு கேக்கறாங்க” என்றார் வாசுதேவன்.

பதினேழு மாதமாய் இந்தக் கேள்விக்கு மூன்று பதில் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் மூன்றையும் இல்லையென்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாயிற்று. அக்காளின் மகனை நினைத்தாள். அவன் பதில் போடாதவன்.

“எழுத ஆருமில்லைத் தம்பி. வெறுமையா விடச் சொல்லுங்கோ.”

வாசுதேவன் அதைச் சொன்னார். அதிகாரி அம்மாள் பேனாவை வைத்துவிட்டு, முன்பு நிரப்பிய மூன்று படிவங்களையும் எடுத்து மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் அதே வரியில் விரலை வைத்துக் காட்டி ஏதோ கேட்டாள். வாசுதேவன் குனிந்து பார்த்தார்.

“ஆன்ட்டி, மூணு பேரும் உங்க பேரத்தான் குடுத்திருக்காங்க. என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. கண்மணி ‘அம்மா’ன்னு சொல்லியிருக்கு. அம்மா இல்லன்னு இப்பத்தானே கையெழுத்துப் போட்டியேன்னு இவங்க கேட்டதுக்கு, ‘அது வேற ஃபாரம்’னு சொல்லிச்சு.”

“மற்றவன்?”

“மகேந்திரராஜா ‘மாமி’ன்னு சொன்னார். பொண்ணோட அம்மாவாம். சிதம்பரம் சார் மாப்பிள்ளையோட அப்பாவாம், அதனால ‘சம்பந்தி’ன்னு சொன்னார். அதுக்கு ஜெர்மன்ல வார்த்தையே கிடையாது ஆன்ட்டி, நான் பத்து நிமிஷம் விளக்கினேன்.”

பவளம் அந்த மூன்று தாள்களையும் பார்த்தாள். எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயரின் ஜெர்மன் வடிவம் தெரியும். மூன்றிலும் அது இருந்தது. அழக்கூடாது என்று பிடித்துவைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. அதிகாரி அம்மாள் பேசாமல் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருந்தாள்.

“அப்ப எழுதச் சொல்லுங்கோ தம்பி. மூண்டு பேரையும்.”

வாசுதேவன் கேட்டுவிட்டு, “ஒரு வரிதான் இருக்காம். யாராவது ஒருத்தர் பேர்தான் எழுத முடியுமாம்” என்றார்.

“அது சரிவராது” என்றாள் பவளம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதிரையை முன்னால் இழுத்துப்போட்டு, அந்த வரியில் விரலை வைத்தாள். “சின்ன எழுத்திலை எழுதச் சொல்லுங்கோ.”

அதிகாரி அம்மாள் அவளைப் பார்த்தாள், வரியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மெல்லிய பேனா ஒன்றைத் தேடி எடுத்தாள்.